அவுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க: ஒரு 1978 யெஸ்டி எனக்குக் கத்துக்கொடுத்தது

இது ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

போன மாசம் பழைய பைக் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுல பாதிப் பேரோட கேள்வி ஒண்ணுதான்: "வீட்ல தாத்தாவோட வண்டி சும்மா நிக்குது, எவ்வளவு செலவாகும்?" செலவைக் கடைசியில சொல்றேன். முதல்ல நான் பண்ண ஒரு பெரிய தப்பைச் சொல்லிடறேன். ஏன்னா, அந்தத் தப்பால கிட்டத்தட்ட ஒரு வண்டியையே இழந்திருப்பேன். வண்டி கண்ணு முன்னாடி பளபளன்னு நிக்கும், ஆனா சட்டப்படி அது வண்டியே இல்லைங்கிற நிலைமை.

வண்டி என் பெரியப்பாவோடது. 1978-ம் வருஷத்து யெஸ்டி 250. அவர் சேலத்துல மருந்து கம்பெனி ரெப்பா இருந்தவர். ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், ஏற்காடுன்னு ஒரு தோல் பையை டேங்க் மேல வச்சுக்கிட்டு 20 வருஷத்துக்கு மேல அந்த வண்டியில சுத்தியிருக்கார். 2001-ல ஓட்டுறதை நிறுத்திட்டார். அதுக்கப்புறம் வண்டி வீட்டுக்குப் பின்னாடி, சாக்குப் போர்வைக்குக் கீழ 20 வருஷம் நின்னுச்சு.

மைசூர் வண்டி

யெஸ்டி தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஜாவா ஒரு செக் கம்பெனி. 1929-ல யானெசெக்ங்கிறவர் வாண்டரர்ங்கிற ஜெர்மன் கம்பெனியோட மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். ரெண்டு பேரோட முதல் எழுத்துகளைச் சேர்த்தா ஜாவா. இந்தியாவுல அதை இறக்குமதி பண்ணி வித்தது பம்பாயில இருந்த இரானி குடும்பம். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், இங்கேயே தயாரிக்கலாம்னு மைசூர்ல ஐடியல் ஜாவா தொழிற்சாலையைத் தொடங்கினாங்க. 1961-ல உற்பத்தி ஆரம்பம். 70-கள்ல ஜாவாங்கிற பேர் போய் யெஸ்டின்னு ஆச்சு. 1996-ல கம்பெனி மூடியாச்சு.

எதனால மூடுச்சுன்னு கேட்டா, 80-கள்ல வந்த ஜப்பான் கூட்டணி 100 சிசி வண்டிகள் ஒரு முக்கியமான காரணம். அதுங்க குடிச்ச பெட்ரோலுக்கும் யெஸ்டி குடிச்சதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. அப்புறம் புகைக் கட்டுப்பாடு. டூ ஸ்ட்ரோக் வண்டிங்களுக்கு அது பெரிய அடி. இப்ப ஷோரூம்ல பார்க்கிற ஜாவாவும் யெஸ்டியும் 2018-க்கு அப்புறம் வேற கம்பெனி மறுபடி கொண்டுவந்தது. அதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். அந்த இன்ஜின் சாமான் எதுவும் பழைய வண்டிக்குச் சேராது.

பழைய யெஸ்டியில சில வேடிக்கைகள் உண்டு. சிலிண்டர் ஒண்ணுதான், சைலன்சர் ரெண்டு. செயின் வெளிய தெரியாது, முழுசா மூடியிருக்கும். கியர் லீவரும் கிக்கரும் ஒரே கம்பி! உள்ள அழுத்தி மேல தூக்கினா கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் இறக்கிவிட்டா கியர். கியர் லீவரை மிதிச்சாலே கிளட்ச் தானா விடுபடும், கையால பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல. எண்ணெயை நாமதான் பெட்ரோல்ல கலக்கணும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் வருது.

14 மாசம்

2021-ல வண்டியை ஒரு மினி லாரியில ஏத்தி சென்னைக்குக் கொண்டுவந்தேன். பெரியப்பா ஒண்ணுதான் சொன்னார்: "கண்ணு, பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு." நான் பண்ணல. யூடியூப்ல 40 வீடியோ பார்த்தாச்சு, இனி நமக்கு யார் சொல்லித் தரணும்னு நினைப்பு.

இன்ஜின் வேலை ஒழுங்காத்தான் போச்சு. 20 வருஷம் நின்ன டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் ஆயில் சீல் காய்ஞ்சு போயிருக்கும். அதை மாத்தாம ஸ்டார்ட் பண்ணா அந்த வழியா வெளிக்காத்து உள்ள வரும், பெட்ரோலும் எண்ணெயும் குறையும், பிஸ்டன் பிடிச்சிரும். அதனால சீல், பேரிங், கனெக்டிங் ராடு எல்லாம் புதுசு. சிலிண்டரை லேத்துல கொடுத்து போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். டேங்குக்குள்ள துரு. நட்டும் போல்ட்டும் போட்டு ரெண்டு நாள் குலுக்கினோம். சின்னச் சின்ன சாமானுக்காகப் புதுப்பேட்டையில எத்தனை சனிக்கிழமை அலைஞ்சேன்னு கணக்கே இல்ல.

தப்பு நடந்தது பெயின்ட்ல. எனக்கு வண்டி இன்ஸ்டாகிராம்ல வர்ற மாதிரி இருக்கணும். பிரேமை மொத்தமா சாண்ட் பிளாஸ்டிங் பண்ணி, மேல பவுடர் கோட்டிங் கொடுக்கச் சொன்னேன். அழகா வந்துச்சு. டேங்க்ல இருந்த பழைய மெரூன் பெயின்டைச் சுரண்டி எடுத்துட்டு புது மெரூன், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி கோட்டிங். பழைய சீட், பழைய ஹார்ன், கழட்டின போல்ட்டுங்க எல்லாம் ஒரு சாக்குல போய் காயலான் கடைக்கு.

"யார் வண்டி இது?"

2022 கடைசியில வண்டியைத் திரும்ப சேலத்துக்குக் கொண்டுபோனேன். பெரியப்பாவுக்கு சர்ப்ரைஸ். அவர் வாசல்ல வந்து நின்னு, ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். டேங்க் மேல கையை வச்சார். அந்த இடத்துல முன்னாடி ஒரு நீளக் கீறல் இருந்துச்சு, மருந்துப் பையோட பக்கிள் உரசி உரசி வந்தது. கை தானா அங்க போச்சு, வழவழன்னு இருந்துச்சு.

"நல்லா இருக்கு கண்ணு. யார் வண்டி இது?" அப்படின்னார்.

கிண்டல் இல்ல. நிஜமாவே கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு அப்ப கோவம்தான் வந்துச்சு, 14 மாசம் உழைச்சிருக்கேனேன்னு. ரெண்டு நாள் கழிச்சு அதே கேள்வியை இன்னொருத்தர் கேட்டார், அவர் அரசாங்கம்.

வண்டியோட ஆர்.சி. 2003-லயே காலாவதி. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம், அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அதுக்கு ஃபார்ம் 25. வண்டியை நேர்ல காட்டணும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். சேசிஸ் நம்பர் மேல ஒரு தாளை வச்சு பென்சிலைத் தேய்ச்சு பிரிண்ட் எடுத்துக் கொடுக்கணும். டி.எம்.-ல ஆரம்பிக்கிற பழைய மூணெழுத்து நம்பர், ஆர்.சி. புக் பத்திரமா இருக்கு, சொந்தக்காரர் பக்கத்துலயே நிக்கிறார். என்ன பிரச்சினை வரப்போகுதுன்னு போனேன்.

தாளை வச்சுத் தேய்ச்சா ஒண்ணுமே வரல. ஹேண்டில் திரும்புற கழுத்துல இருந்த நம்பர் மேல சாண்ட் பிளாஸ்டிங் ஒரு பக்கம் உரசியிருக்கு, பவுடர் கோட்டிங் மீதியைப் பள்ளம் தெரியாம நிரப்பிடுச்சு. இன்ஸ்பெக்டர் பொறுமையாத்தான் பேசினார். "தம்பி, புக்ல இருக்கிற வண்டி இதுதான்னு நான் எதை வச்சு எழுதுறது?"

அவர் கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். திருட்டு வண்டியில முதல்ல காணாமப் போறது அந்த நம்பர்தானே.

வெளிய வந்ததும் ஒருத்தர் தானா வந்து உதவி சொன்னார். "இதுக்கா கவலைப்படுறீங்க? பஞ்ச் இருக்கு, புக்ல இருக்கிற நம்பரை அதே இடத்துல தட்டிடலாம், அஞ்சு நிமிஷம்." உண்மையைச் சொல்றேன், ஒரு நிமிஷம் யோசிச்சேன். பெரியப்பாதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தார். அனுமதி இல்லாம நம்பரைத் திரும்பத் தட்டினா, நேர்மையான வண்டியை நம்ம கையாலேயே திருட்டு வண்டியா ஆக்குறோம்னு அர்த்தம். நாளைக்கு எந்தச் சோதனையில மாட்டினாலும் நம்மகிட்ட பதில் இருக்காது.

அப்புறம் என்ன பண்ணோம்? அந்த ஓர் இடத்துல மட்டும் பெயின்ட் ரிமூவரைப் பஞ்சுல தொட்டு வச்சு, ஊற விட்டு, மரக்குச்சியால மெதுவா எடுத்தோம். இரும்பு எதுவும் படக்கூடாது. மூணு நாள். பழைய பஞ்ச் ஆழமா அடிச்சிருந்ததால நம்பர் தப்பிச்சுது. கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் மங்கல், டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சாத் தெரியும். அடுத்த தடவை பிரிண்ட் விழுந்துச்சு, ஆர்.சி. கிடைச்சுது. இப்பவும் அந்தக் கழுத்துல பெயின்ட் இல்லாத ஒரு சின்னச் சதுரம் இருக்கு. துரு பிடிக்காம லேசா எண்ணெய் தடவி வைப்பேன். மொத்த வண்டியிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இப்ப அதுதான்.

ஏற்காடு

பேப்பர் கைக்கு வந்த வாரமே ஏற்காடு போனோம். நான் ஓட்ட, பின்னாடி பெரியப்பா. 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி அருமையா ஏறுச்சு. இறங்கும்போது நான் எல்லாரும் செய்றதைத்தான் செஞ்சேன்: ஆக்சிலேட்டரை முழுசா மூடிட்டு, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினேன். ரெண்டாவது வளைவுலயே முதுகுல ஒரு தட்டு.

"கண்ணு, அப்பப்போ கொஞ்சம் முறுக்கு. அதுக்குத் தண்ணி காட்டு."

எனக்குப் புரியல. நிறுத்திட்டுத்தான் விளக்கினார். இதுல எண்ணெய் பெட்ரோலோட சேர்ந்துதான் இன்ஜினுக்குள்ள போகுது. ஆக்சிலேட்டரை மூடினா பெட்ரோல் நிக்கும், கூடவே எண்ணெயும் நிக்கும். ஆனா இறக்கத்துல வண்டியோட வேகத்துக்கு இன்ஜின் சுத்திக்கிட்டேதான் இருக்கும். வறண்டு சுத்தும். புதுசா போர் பண்ண இன்ஜின் வேற. நீளமான இறக்கத்துல பிஸ்டன் பிடிக்கிறது இப்படித்தான். அதனால கீழ் கியர்ல வச்சு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிச்சு, நடுநடுவுல கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு முறுக்கு கொடுக்கணும்.

நான் பார்த்த 40 வீடியோவுல ஒண்ணுலகூட இது வரல. 20 வருஷம் அதே இறக்கத்துல இறங்கின ஒரு மனுஷன் ஒரு போன் தூரத்துல இருந்தார். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது: நான் சரி பண்ணது இரும்பை மட்டும். அந்த வண்டியை எப்படி ஓட்டணும்ங்கிறது அவர்கிட்ட இருந்துச்சு, கீறலா அந்த டேங்க்லயும் கொஞ்சம் இருந்துச்சு. டேங்க்ல இருந்ததை நான் சுரண்டிட்டேன்.

நீங்க ஆரம்பிக்கப்போறீங்கன்னா

சரி, உங்க கேள்விக்கு வரேன். ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கை எடுங்க. அதுல இருக்கிற சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில இருக்கான்னு பாருங்க. போட்டோ எடுங்க, பென்சில் பிரிண்டும் எடுத்து வைங்க. பெயின்டுக்குக் கொடுக்கும்போது அந்த இடத்தை மூடி ஒட்டிக் கொடுங்க. நம்பர் இல்லாத வண்டிய எவ்வளவு மலிவாக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு 2021-ல வின்டேஜ்னு தனி விதி வந்திருக்கு. நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா அசல் வடிவம் மாறியிருக்கக் கூடாது, தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. என் யெஸ்டிக்கு 2028-லதான் 50. எனக்கு ஓட்டணும், அதனால சாதாரணப் பதிவையே 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கப் போறேன்.

கழட்டின எதையும் தூக்கிப் போடாதீங்க. புதுசா வர்ற சாமானைவிட பழைய போல்ட் பல நேரம் நல்லா இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊறவச்சுக் கெடுக்கும், அதெல்லாம் புதுசு போடுங்க. மாசக்கணக்குல டேங்க்ல பெட்ரோலை விட்டு வைக்காதீங்க, எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

இன்னொண்ணு, இது புகை விடுற வண்டி. டூ ஸ்ட்ரோக்ல எரியாத பெட்ரோலும் எண்ணெயும் கொஞ்சம் வெளிய போகத்தான் செய்யும். அதை மறைச்சுப் பேச எனக்கு விருப்பம் இல்ல. ஆபீசுக்கு நான் மெட்ரோவுலதான் போறேன். யெஸ்டி மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, காலையில மட்டும்.

செலவு? 40,000-னு நினைச்சு ஆரம்பிச்சேன், 85,000-ல நின்னுச்சு. அதுல பெயின்டுக்கும் குரோமுக்கும் போனது 22,000. அந்த 22,000 இல்லாமலே வண்டி இதே மாதிரி ஓடியிருக்கும், பெரியப்பாவுக்கு அடையாளமும் தெரிஞ்சிருக்கும்.

போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ அவர் பரண்ல இருந்து அந்தப் பழைய மருந்துப் பையை எடுத்துக் கொடுத்தார். இப்ப ஞாயித்துக்கிழமை அதை டேங்க் மேல வச்சுத்தான் ஓட்டுறேன். பக்கிளைத் துணி சுத்தி மறைக்கல. மெரூன்ல ஒரு மெல்லிசான கோடு விழ ஆரம்பிச்சிருக்கு.

உங்க வீட்டுப் பின்னாடி ஒரு வண்டி நிக்குதுன்னா, இன்னைக்கு ராத்திரி அதை ஓட்டினவங்களுக்கு ஒரு போன் போடுங்க. அவங்க சொல்றதை ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. ஸ்பேனரை அடுத்த வாரம் எடுத்துக்கலாம். மறுபடியும் அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.