வேதத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



1985 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. சூடான் நாட்டின் தலைநகரான கார்ட்டூமில், கோபர் சிறைச்சாலையில், எழுபது வயது தாண்டிய ஒரு முதியவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் கொலை செய்தவரல்ல, கொள்ளையடித்தவருமல்ல. திருக்குர்ஆனை ஆழ்ந்து படித்து, அதற்குப் புதிய விளக்கம் சொன்னவர். அந்த விளக்கத்தை வைத்துச் சர்க்காரின் சட்டத்தை எதிர்த்தவர். அவர் பெயர் மஹ்மூத் முஹம்மத் தாஹா.

வேத விளக்கத்தைப் பற்றிய வாதத்தால் தறி ஓட்டுபவனுக்கும் நாற்று நடுபவளுக்கும் என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

சூடான் பருத்தி விளையும் நாடு. நீல நைல் நதியின் குறுக்கே வெள்ளைக்காரன் சென்னார் அணையைக் கட்டி, 1925இல் கெஸீரா சமவெளிக்குத் தண்ணீர் விட்டான். லங்காஷயர் மில்களுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டியிருந்தது. பாடுபட்ட குத்தகை விவசாயிக்கு வருமானத்தில் 100க்கு 40 பங்கு. மீதியைச் சர்க்காரும் கம்பெனியும் பிரித்துக்கொண்டன. 1946இல் அந்த விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டே அட்பாரா நகரத்து ரயில்வே தொழிலாளர்களும் களத்தில் இறங்கினார்கள். அந்த மண்ணில் பிறந்தவர்தான் தாஹா. இன்ஜினீயர் படிப்புப் படித்து ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1945இல் வெள்ளையனை எதிர்த்துக் குடியரசுக் கட்சியைத் தொடங்கிச் சிறை சென்றவர். சிறையிலும் அதன் பிறகும் பல ஆண்டுகள் தனித்திருந்து, 1951இல் ஒரு புதிய கருத்தோடு வெளியே வந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் 'குடியரசு சகோதரர்கள்' எனப்பட்டார்கள். தெருமுனையில் நின்று பேசினார்கள், சிறு புத்தகங்களை விற்றார்கள். பெண்களும் முன்வந்து பேசினார்கள்.

அவர் சொன்னது என்ன? நபிகள் நாயகம் மக்காவில் இருந்த காலத்தில் அருளப்பட்ட வசனங்கள் உண்டு. 622இல் மதீனாவுக்குப் பெயர்ந்த பின் அருளப்பட்டவையும் உண்டு. இரண்டுக்கும் தொனி வேறு. பிந்திய வசனம் முந்தியதை மாற்றிவிடும் என்பது பழைய சட்ட அறிஞர்களின் விதி. தாஹா இதைத் திருப்பிப் போட்டார். மக்கா வசனங்கள் மனிதகுலம் முழுவதையும் நோக்கிச் சமத்துவமும் சுதந்திரமும் பேசுகின்றன. அவைதான் மூலச் செய்தி. மதீனாக் காலத்துச் சட்டங்கள் ஏழாம் நூற்றாண்டுச் சமுதாயத்தின் நிலைமைக்கு ஏற்ப வந்தவை. மூலச் செய்தி ரத்தாகவில்லை, தள்ளிவைக்கப்பட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் காலம் இப்போது வந்துவிட்டது என்றார் அவர்.

1967இல் வந்த 'இஸ்லாத்தின் இரண்டாவது செய்தி' என்ற நூலில் இதன் முடிவுகளை வரிசையாக எழுதினார். அடிமை முறை இஸ்லாத்தின் மூலக் கொள்கையல்ல. ஆண் பெண் ஏற்றத்தாழ்வு மூலக் கொள்கையல்ல. பலதார மணம் மூலக் கொள்கையல்ல. முதலாளித்துவமும் மூலக் கொள்கையல்ல!

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள், தோழர்களே. வேத விளக்கம் எங்கே வந்து முட்டுகிறது என்று தெரிகிறதல்லவா? 1968இலேயே ஒரு ஷரீஅத் நீதிமன்றம் அவரை மதத்தை விட்டு விலகியவர் என்று அறிவித்தது. அன்று அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற அதற்கு அதிகாரம் இல்லை.

இந்த ஆயுதம் தாஹாவுக்காக மட்டும் தீட்டப்பட்டதல்ல. 1965இலேயே நாத்திகக் குற்றம் சாட்டி, சூடான் கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டசபை தடை செய்து, அதன் உறுப்பினர்களை வெளியேற்றியது. தடை செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தும் சர்க்கார் மதிக்கவில்லை. 1969இல் ராணுவ பலத்தால் ஆட்சியைப் பிடித்த ஜாஃபர் நுமைரி முதலில் இடதுசாரிப் பேச்சுப் பேசினார். 1971 ஜூலையிலோ கட்சிச் செயலாளர் அப்துல் காலிக் மஹ்ஜூபையும் தொழிற்சங்கத் தலைவர் ஷஃபீ அஹ்மத் அல்-ஷேக்கையும் தூக்கிலிட்டார்.

பின்னர் கடன் பெருகியது, விலைவாசி ஏறியது, தெற்கே உள்நாட்டுப் போர் மூண்டது. மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கிய நேரத்தில், 1983 செப்டம்பரில், நுமைரி ஷரீஅத் சட்டம் என்று ஒன்றை அறிவித்தார். அதன்படி திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளின் கைகள் வெட்டப்பட்டன. நாட்டையே கடனில் மூழ்கடித்தவர்களின் கைகளுக்கோ ஒரு கீறலும் இல்லை!

1984 டிசம்பர் 25இல் தாஹாவின் இயக்கம் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டது. செப்டம்பர் சட்டங்களை ரத்து செய், தெற்கே ரத்தம் சிந்துவதை நிறுத்து என்பதே அதன் கோரிக்கை. ஜனவரி 5இல் தாஹா கைதானார். விசாரணை ஒரே அமர்வில் முடிந்தது. நீதிமன்றத்தையே ஏற்க மறுத்துவிட்டார் அவர். மேல் நீதிமன்றமோ, குற்றப்பத்திரிகையிலேயே இல்லாத மதத்துரோகக் குற்றத்தையும் சேர்த்துத் தண்டனையை உறுதி செய்தது. நுமைரி கையெழுத்திட்டார். உடலைக்கூடக் குடும்பத்தாரிடம் கொடுக்கவில்லை.

ஆனால் மக்கள் தீர்ப்பும் வெகு தொலைவில் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். தொழிற்சங்கங்களும் டாக்டர்களும் வக்கீல்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் 6இல் நுமைரி ஆட்சி வீழ்ந்தது. 1986 நவம்பரில் உச்சநீதிமன்றம் தாஹா மீதான தீர்ப்பை ரத்து செய்தது. 1991இல் இன்னொரு ராணுவ ஆட்சி மதத்துரோகத்துக்கு மரண தண்டனையைச் சட்டமாகவே எழுதியது. மற்றொரு மக்கள் எழுச்சிக்குப் பிறகே, 2020இல், அது நீக்கப்பட்டது.

இதிலிருந்து இஸ்லாத்தின் மீது பழி போடுகிறவர்கள் மோசடிக்காரர்கள். கொன்றவனும் குர்ஆன் பேரைச் சொன்னான், கொல்லப்பட்டவரும் குர்ஆனை நம்பியவர்தான். ரொட்டி கேட்டு எழுந்து சர்வாதிகாரியை விரட்டிய ஜனங்களிலும் பெரும்பாலோர் முஸ்லிம்களே. எகிப்தையும் பாருங்கள். துருக்கியில் 1924இல் கிலாஃபத் ஒழிந்தபின் அந்தப் பட்டத்துக்கு மன்னர் ஃபுவாது ஆசைப்பட்டார். நபிகள் நாயகம் அமைத்தது ராஜ்யமல்ல என்று 1925இல் எழுதிய அறிஞர் அலீ அப்துல் ராஸிக்கை அல்-அஸ்ஹர் உலமா சபை ஆலிம் பட்டியலிலிருந்தே நீக்கியது. சிம்மாசனத்துக்கு ஆபத்து வந்தால் மதபீடம் ஓடிவரும். இது எல்லா மதத்திலும் கண்ட கதை.

தாஹா சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்கவில்லை. ஆன்மிகப் பயிற்சியால் சமத்துவம் வரும் என்று அவர் நம்பினார். அமைப்பாகத் திரண்ட உழைப்பாளிகளால் வரும் என்கிறோம் நாம். 1983 வரை அவரது இயக்கம் நுமைரியின் ஆட்சியைப் பெரும்பாலும் ஆதரித்தது. அதுவும் பெரும் பிழை. ஆயினும் உயிர் தப்ப ஒரு சொல் மாற்றிச் சொல்லாத அந்த முதியவருக்குத் தலை வணங்குகிறோம்.

தோழர்களே, நம் சங்கத்தில் தொழுபவரும் உண்டு, கோயிலுக்குப் போகிறவரும் உண்டு, எதற்கும் போகாதவரும் உண்டு. யாருடைய நம்பிக்கையும் நமக்குப் பகையல்ல. நாளை ஒருவன் வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் கூலியையோ உங்கள் பெண்களின் உரிமையையோ பறிக்க வந்தால், இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பொருளைச் சொல்ல உனக்கு அதிகாரம் கொடுத்தது யார்? இதனால் யாருடைய களஞ்சியம் நிரம்புகிறது? பதில் வராது, போலீஸ்தான் வரும். அப்போது பக்கத்தில் நிற்கும் தொழிலாளி எந்த மதம் என்று பாராமல் கைகோத்து நில்லுங்கள். கார்ட்டூம் ஜனங்கள் நின்றது அப்படித்தான்.