கிள்ளான் நகரைக் கண்டு வருவோம்



தீபாவளி நெருங்கினால் நம்மில் பலர் கிள்ளானுக்குப் போகிறோம். தெங்கு கிளானா சாலையில் சேலை, வேட்டி, பலகார மாவு எல்லாம் வாங்குகிறோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி விடுகிறோம். அந்த ஊரில் நம் பாட்டன் பாட்டிமாரின் கதையும் இருக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்று கடைக்குள் நுழையும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளோடு ஊரைச் சுற்றிப் பார்ப்போமா?

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலிருந்து ரயிலேறினால் நேரே கிள்ளானில் இறங்கலாம். இந்தப் பாதையே ஒரு வரலாறுதான். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் கட்டி ஊருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ரயில்வேயில் உடலுழைப்புக்குத் தென்னிந்தியரும், அலுவலக வேலைக்கு யாழ்ப்பாணத்தாரும் திரளாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருந்து வளர்த்த இடங்களில் ஒன்றுதான் பிரிக்பீல்ட்ஸ்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால், நடந்து போகும் தூரத்தில் ராஜா அப்துல்லாவின் பழைய கிடங்கு நிற்கிறது. 1850-களில் கட்டியது. அன்று கிள்ளானை ஆண்டவர் ராஜா அப்துல்லா. 1857-இல் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பி வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக மிஞ்சியவர்கள் 18 பேர். இந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான் இன்றைய கோலாலம்பூர். 1880 வரையில் கிள்ளானே சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகராக இருந்தது. ஆக, கோலாலம்பூருக்குத் தாய் வீடு கிள்ளான் என்றே சொல்லலாம்.

அந்தக் காய்ச்சல் நம்மவர்களையும் விடவில்லை. 1901-இல் ஆற்றின் கழிமுகத்தில், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். திறந்த சில மாதங்களிலேயே மலேரியா பரவி, வேலை செய்ய ஆள் இல்லாத நிலை வந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை இந்தியாவில் ரொனால்ட் ராஸ் 1897-இல் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் அதை நம்பிச் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் சொன்னார். தண்ணீர் வடிந்தது, காய்ச்சலும் குறைந்தது. பிறகு தோட்டங்களுக்கும் அந்த முறை பரவியது. அடுத்த முறை வீட்டுக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக் கிடந்தால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இனி, இரண்டு தட்டுள்ள பழைய கோத்தா பாலத்துக்கு வருவோம். நடந்து போகிறவர்களுக்கென்று அமைந்தது கீழ்த்தட்டு. அங்கே நின்று ஆற்றைப் பார்த்தபடி, கட்டடத்தைக் காட்டிச் சொல்ல முடியாத ஒரு கதையைச் சொல்வோம்.

1941-ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடையை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு. இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதானார். அவரை விடுதலை செய்யக் கோரி வேலை நிறுத்தம் மேலும் பரவியது. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் புகுந்தது. போர் வந்து இந்தக் கதையை மூடிவிட்டது.

நேயர்களே, அன்று பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று வீடுகள் நிற்கின்றன. தோட்டத்தின் பெயர்கூட நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஆகவே, கிள்ளானிலிருந்து வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், எந்த ஊரிலிருந்து யார் முதலில் வந்தார்கள், எந்தத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தார்கள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல, பிள்ளை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். தீபாவளிச் சேலை ஓராண்டில் வெளுத்துவிடும். எழுதி வைத்தது பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும்.