அச்சத்தை அஞ்சுவோரும் போதையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போதை ஹராம் என்பதை இம்மேடையில் நான் விளக்க வேண்டியதில்லை. அதனை அறியாதார் இவ்வவையில் எவருமிலர். அறிந்திருந்தும் ஒருவன் அதன்பால் ஏன் செல்கிறான் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ‘சகவாசம் கெட்டுவிட்டது’ என்ற ஒற்றைச் சொல்லில் நாம் அவ்வினாவை முடித்து விடுகிறோம். ஒரு சாராருக்கு அது பொருந்தும். மறு சாராரைப் பற்றிக் கனடா நாட்டு உளவியல் பேராசிரியை ஷெர்ரி ஸ்டூவர்ட் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளார். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர் அவர்.

அவருடைய ஆய்வின் மையத்தில் ஒரு கருத்து உள்ளது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்களான ஸ்டீவன் ரெய்ஸும் ரிச்சர்ட் மெக்நாலியும் முன்வைத்தது அது. ‘பதற்றக் கூருணர்வு’ என்று தமிழில் கூறலாம். எளிய சொல்லில், அச்சத்தையே அஞ்சுதல். பதற்றம் வந்தால் எவருக்கும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மூச்சு வாங்கும். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சிலருக்கோ அப்படபடப்பே பேரச்சமாகிறது. ‘இதயம் நின்றுவிடுமோ, புத்தி பேதலித்துவிடுமோ, பிறர் என் நடுக்கத்தைக் கண்டு நகைப்பரோ’ என்று கலங்குகின்றனர். அக்கலக்கம் படபடப்பை மேலும் கூட்டுகிறது. இதனை அளப்பதற்கென 16 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றும் 1986இல் வெளியாயிற்று.

இத்தகையோர் எதற்காகக் குடிக்கின்றனர்? களிப்பிற்காக அன்று, கூட்டத்தோடு சேர்வதற்காகவும் அன்று. உள்ளத்தின் நடுக்கத்தை அடக்குவதற்காகவே பெரிதும் குடிக்கின்றனர் என்று ஸ்டூவர்ட்டும் அவருடன் உழைத்தோரும் கண்டனர். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் சிலருக்கு மது அளித்து, வேகமாக மூச்சு விடச் செய்து, உடலில் படபடப்பை வேண்டுமென்றே உண்டாக்கினர். (ஆய்வுக்கூடத்தில் மது அளித்தனர் என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அம்முறையை நாம் ஏற்கவில்லை. ஆனால் அதனால் தெரியவந்ததை நாம் மறைக்கவும் வேண்டியதில்லை.) பதற்றக் கூருணர்வு மிகுந்தோரிடம் மது அவ்வச்சத்தை வெகுவாக மழுங்கச் செய்தது. அது குறைந்தோரிடம் அத்துணை மாற்றமில்லை. ஆக, ஒருவனுக்கு வெறும் பானமாக இருப்பது இன்னொருவனுக்கு மருந்து போலத் தோன்றுகிறது. ஆபத்து தொடங்குமிடம் இதுவே.

ஏனெனில் அம்மருந்து கடனுக்கு வாங்கியது. மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் ‘காபா’ எனும் வேதிப்பொருளின் செயலை மது கூட்டுகிறது. நாள்தோறும் குடிப்பவனின் மூளை அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொள்கிறது. போதை இறங்கியதும் அவ்வுயர்ந்த கிளர்ச்சி மட்டுமே எஞ்சுகிறது. விடியற்காலையில் கை நடுங்குகிறது, நெஞ்சு அடிக்கிறது. எதற்கு அஞ்சி ஓடினானோ அதுவே இரு மடங்காக வந்து நிற்கிறது. அவனோ, ‘குடித்தால்தான் தணிகிறது’ என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. மருத்துவர் சீட்டின்றி விழுங்கப்படும் தூக்க மாத்திரைகள் பலவும் இவ்வழியிலேயே செல்கின்றன. சிகரெட்டும் ஏறத்தாழ இப்படித்தான். நிக்கோட்டின் குறையும்போது எழும் எரிச்சலைக் கவலை என்று எண்ணி அடுத்ததைப் பற்றவைக்கிறார்கள்.

தீர்வு என்ன? ஸ்டூவர்ட்டும், செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தின் மார்கோ வாட்டும் கையாண்ட வழி என்னை மிகவும் கவர்ந்தது. பதற்றக் கூருணர்வு மிகுந்த மாணவியரை ஓடச் சொன்னார்கள். ஆம், பத்து நிமிட ஓட்டந்தான்! ஓடினால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சிரைக்கும். ஆயினும் ஒன்றும் நேராது. மீண்டும் மீண்டும் ஓடுகையில், ‘படபடப்பு என்னைக் கொல்லாது’ என்பதை உடலே கற்றுக்கொள்கிறது. இத்துடன் எண்ணங்களைத் திருத்தும் குறுகிய பயிற்சியும் சேர்ந்தபோது அவ்வச்சம் தணிந்ததாக அவர்கள் எழுதினர். 2008இல் இது பொதுமக்களுக்கான நூலாகவும் வந்தது. இதயநோய் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இதைக் கேட்டு ஓடத் தொடங்கிவிட வேண்டாம்!

பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பேட்ரிஷியா கான்ராட் எனும் பேராசிரியை, ஸ்டூவர்ட் போன்றோருடன் இணைந்து, பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘பிரிவெஞ்சர்’ எனும் பயிற்சியை உருவாக்கினார். பதற்றக் கூருணர்வு, நம்பிக்கையின்மை, துடுக்குத்தனம், பரபரப்பு நாட்டம் என்னும் நான்கு இயல்புகளில் எது மிகுந்துள்ளதோ அதற்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்து, தொண்ணூறு நிமிடம் வீதம் இரண்டே அமர்வுகள் நடத்துகின்றனர். அவற்றில் போதையைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. தன் இயல்பை எவ்வாறு ஆள்வது என்பதே பாடம். மான்ட்ரியல் வட்டாரத்தின் 31 பள்ளிகளில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. பயிற்சி பெற்ற பள்ளிகளில் போதை நோய் பெருகும் வேகம் குறைந்திருந்தது. மிம்பர் மீது நின்று தண்டனையை மட்டுமே எடுத்துரைத்துப் பழகிய என் போன்றோர் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

இறுதியாக, சில வீடுகளில் நடப்பது பற்றி. நீண்ட காலம் மிகுதியாகக் குடித்த பிள்ளையை அறையில் பூட்டி, ‘இன்றோடு நிறுத்து’ என்கின்றனர். எண்ணம் நல்லது, செயல் ஆபத்தானது. மதுவைத் திடீரென நிறுத்தினால் சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வரும்; உயிரும் போகலாம். மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்தச் செய்யுங்கள். அப்போது பதற்றத்திற்கும் சேர்த்தே மருத்துவம் கேளுங்கள். ஒன்றைத் தீர்த்து மற்றொன்றை விட்டால் அவன் மீண்டும் பழைய இடத்திற்கே திரும்புவான். அரசின் மனநல உதவி எண் 14416, அழைப்புக் கட்டணமில்லை. நேரில் பேச விரும்புவோர் இஷாவுக்குப் பின் என் அறைக்கு வரலாம். வந்தவர் பெயர் நிர்வாகிகளுக்கும் தெரிவிக்கப்படாது.