பாடு



நெய்தல் திணையைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் ஏட்டிலிருந்தே தொடங்குவர். ஒருமுறை கரையிலிருந்து தொடங்கிப் பார்ப்பதில் பிழையில்லை. கரை என்று இங்கே குறிப்பது தனுஷ்கோடியை.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர்ச் சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மணலில் கால் புதைய நடக்க வேண்டும். இல்லையேல் குலுங்கும் வேனில் தொற்றிக்கொள்ள வேண்டும். இன்று மகிழுந்தில் வருவோர் முனையில் படம் எடுத்துக்கொண்டு, இடிந்த தேவாலயத்தைப் பார்த்து, பொரித்த மீன் தின்று, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றனர். சாலையைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளைத்தாய்ச்சியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோர் அதன் அருமையை அறிவர். ஆயினும் அவ்வாறு வந்துபோனவர் எழுதும் கவிதையில் 1964 டிசம்பர் 22 இரவின் புயலும், அது விழுங்கிய ரயிலுமே இருக்கும். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பின்னரும் அம்மணலிலேயே ஓலைக்குடிசை கட்டி வாழ்ந்துவரும் குடும்பங்கள் அதில் இரா. இருப்பவரை விட்டுவிட்டு இறந்த ஊருக்கு மட்டும் இரங்கற்பா எழுதுவது முறையாகுமா?

நான்கு நாள் தங்குபவருக்கு வேறு ஊர் தெரியும். வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், அலை புரளும் தென்கடலை ஆண்கடல் என்றும் அப்பகுதியினர் வழங்குவர். கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் தென்கடலில் வலை இறங்காது. வடக்குப் பக்கம் போவர். வாடை வந்தால் வடகடல் சீறும். தொழில் தெற்கே மாறும். இரண்டுக்கும் இடையே கூப்பிடு தூரந்தான். அந்தத் தூரத்திற்குள் ஓராண்டு முழுவதும் அடங்கிவிடுகிறது.

கரைவலை அவசரத்திற்கு உடன்படாத தொழில். கயிற்றின் ஒரு தலையைக் கரையில் விட்டு, வள்ளம் அரைவட்டமாகச் சுற்றி வந்து மறுதலையைக் கரை சேர்க்கும். பின்பு இரு அணியாக நின்று இழுப்பர். மடி கரைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். இழுப்போர் கால்கள் ஒன்றுபோல் பின்வைப்பதற்கே அம்பாப் பாட்டு. அதில் தாளம் கேட்போரின் இன்பத்திற்காக அமைந்ததன்று. கயிற்றின் பாரம் அமைத்தது. இளைஞர் விசைப்படகுக்குப் போகப் போக, பல கரைகளில் இப்பாட்டு அருகிவருகிறது. யாப்பு கற்ற கவிஞர் எத்தனை பேர் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி அதைக் கேட்டிருக்கின்றனர்?

மடி அவிழும்போது சாளையும் காரலும் நெத்திலியும் கொட்டும்; சில நாள் பாசியும் சொறியுமே மிஞ்சும். எதிர்ப்படுவோர் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்குப் பாடு எப்படி?" பாடு என்றால் அன்றைய மீன்வரவு. பாடு என்றால் துன்பமும்தான். கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று பிரித்தறிய வேண்டிய தேவை அங்கே எழுவதில்லை. அருகிலுள்ள கம்பிப்பாடு என்னும் குடியிருப்பின் பெயரிலும் அச்சொல் ஒலிக்கிறது.

தொல்காப்பியர் நெய்தலுக்குரிய சிறுபொழுதாக வகுத்ததும் எற்பாடு. எல்லின் பாடு, கதிரவன் சாயும் வேளை. கடலுக்குப் போகிறவனுடைய பொழுது விடியலுக்கு முந்தியது. எற்பாடோ கரையில் நிற்பவளுடைய பொழுது. போன வள்ளம் இன்னும் திரும்பவில்லை என்பது உறைக்கத் தொடங்கும் நேரம் அதுவே. இரங்கலை உரிப்பொருளாக வைத்ததன் நியாயம், உரையைக் காட்டிலும் அக்கரையில் ஒரு மாலை நின்றால் விளங்கும்.

தங்குபவர் தண்ணீர் கேட்டால் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டுமிடத்துக்கு அழைத்துச் செல்வர். இருபுறமும் உப்புக்கடல், நடுவே சில அடி ஆழத்தில் நன்னீர். மழைநீர் உவரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆழத் தோண்டினால் கரித்துவிடும். ஆதலால் மேலாகத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் சிறுகச் சிறுக முகந்து குடத்தில் ஊற்றுகின்றனர். குடம் நிறைவதற்குள் வீட்டுக்கதை பாதி முடிந்திருக்கும். மீதி அடுத்த குடத்துக்கு.