படகுக்குத் தாய்நிலம் எது?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குமரி மாவட்டத்தின் மேலைக் கடைக்கோடியில் நீரோடி என்னும் மீனவர் ஊர் உள்ளது. அதனை அடுத்துக் கேரளத்துப் பொழியூர். நிலத்தில் எல்லை காட்டக் கல் நடலாம். கடலில் எங்கே நடுவது? சாளைக் கூட்டம் மாநிலம் பார்த்து நீந்துவதில்லை. அதனைத் தொடர்ந்து செல்லும் வள்ளமும் அலையையும் காற்றையும் பார்த்துத்தான் செல்கிறது. ஆனால், பின்புறம் பொறி பூட்டிய அந்தச் சிறு வள்ளத்தைக் காவற்படகு மறிக்கும்போது கேட்கப்படும் முதற்கேள்வி, அது எந்த மாநிலத்தது என்பதேயாம்.

இக்கேள்வி 1956க்கு முன் எழுந்ததில்லை. விழிஞமும் குளச்சலும் அன்று ஓர் ஆட்சிக்குள் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. அதற்காக 1954இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் ஈந்தோரைத் தமிழர் மறவார். இணைப்பு முறையானது, தேவையானது. எனினும், நிலத்தைப் பிரித்த கோடு கடலுக்குள்ளும் நீளும் என்பதனையும், அக்கோட்டின் இருபுறமும் வலை வீசி வாழ்ந்தவன் என்ன செய்வான் என்பதனையும் அன்று எண்ணிப் பார்த்தோர் சிலரே.

சட்டம் இதனை எவ்வாறு பார்க்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 21ஆம் இனம் மீன்வளம். கரையிலிருந்து 12 கடற்கல் தொலைவுவரை மீன்பிடிப்பை ஒழுங்கு செய்வது மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் நடுவணரசின் பொறுப்பு. இவ்வுரிமையைக் கொண்டே கேரளம் 1980இலும், தமிழ்நாடு 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. படகைப் பதிவு செய்க என்பதும், மீன் பிடிக்க உரிமம் பெறுக என்பதும் இரண்டிலும் உள்ளன.

இங்கே மீனவர் பலர் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. பதிவு வேறு, உரிமம் வேறு. பதிவு என்பது படகின் பிறப்புச் சான்று போன்றது. உடையவர் யார், நீளம் என்ன, பொறியின் ஆற்றல் எவ்வளவு, எந்தத் துறை தாய்த்துறை என்பனவற்றை அது சொல்லும். படகு எங்குச் சென்றாலும் பதிவெண் உடன் செல்லும். உரிமமோ, வழங்கிய மாநிலத்தின் கடற்பரப்போடு நின்றுவிடும். குளச்சலில் முறையாகப் பதிந்த வள்ளம் விழிஞத்துக் கடலில் வலை வீசினால், பதிவில் குறையில்லை. ஆனால் உரிமம் எங்கே என்று கேட்கக் கேரளத்தின் சட்டம் இடந்தருகிறது. "என்னிடம் எல்லாத் தாளும் இருக்கின்றனவே" என்று திகைக்கும் மீனவன் பொய் சொல்லவில்லை. ஒரு தாள் இரண்டு வேலையையும் செய்யும் என்று நம்பிவிட்டான், அவ்வளவே.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் குசராத்து மீன்பிடி படகு ஒன்றைக் கைப்பற்றி அதில் வந்தனர். அதன்பின் படகுப் பதிவு நாடு முழுமைக்கும் ஒரே வடிவிலான கணினிப் பதிவாயிற்று. நாட்டைக் குறிக்கும் மூன்றெழுத்து, மாநிலத்தைக் குறிக்கும் ஈரெழுத்து, பிறகு எண்கள் எனத் தொடங்கும் பதிவெண் படகின் உடலில் தீட்டப்பட்டது. கேரளம் தன் விசைப்படகுகளின் உடலுக்கு நீலமும், மேலறைக்குச் செம்மஞ்சளும் வகுத்தது. எழுத்தெல்லாம் உரோமன் எழுத்து. தன் வள்ளத்துக்குத் தாயின் பெயரைத் தமிழில் எழுதி மகிழ்கிறவன், அதன் சட்டப் பெயரைப் பிறர் சொல்லித்தான் அறிகிறான். இதுவும் ஒரு குறையே. ஆனால் இதனினும் பெரிய குறை வேறுளது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தது. காற்றால் தள்ளுண்ட ஆழ்கடல் படகுகள் மகாராட்டிரத்தின் சிந்துதுருக்கக் கரையில் ஒதுங்கின. கேரளப் படகுகள் 66, தமிழ்நாட்டுப் படகுகள் 2, ஆட்கள் 952 என அம்மாநில முதலமைச்சர் அறிவித்தார். எண்ணியவர் மேல் பிழையில்லை. அவர் படகின் பதிவெண்ணைப் பார்த்து எண்ணினார். ஆனால், தூத்தூர் வட்டாரத்து மீனவர் கொச்சியைத் தங்கு துறையாகக் கொண்டு ஆழ்கடல் தொழில் செய்வோர். கேரளப் பதிவெண் தாங்கிய படகுகளில் குமரி மாவட்டத்தார் பலர் இருந்தனர். கரையில் காத்திருந்த தாய்க்கு 66 என்ற எண்ணில் தன் மகன் இருக்கிறானா என்று தெரியவில்லை. காணாமற்போனோர் தொகையிலும் அரசின் பட்டியலும் ஊரார் பட்டியலும் நெடுநாள் ஒத்துவரவில்லை. படகுக்கு மாநிலம் எழுதிய பதிவு, அதில் ஏறிய ஆளுக்கு மாநிலம் எழுதவில்லை.

ஆறு, கழி, காயல்களில் ஓடும் படகுகளின் நிலை வேறு. அவற்றுக்கு 1917இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் நூறாண்டு கடந்தும் நீடித்தது. ஒரு மாநிலத்துச் சான்று அடுத்த மாநிலத்தில் செல்ல மேலொப்பம் வேண்டும். விதிகளோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 2021இல் நிறைவேறிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இத்தடையை நீக்கியது. ஒரு மாநிலம் வழங்கிய பதிவுச் சான்று எல்லா மாநிலங்களிலும் செல்லும் என்றாயிற்று. பதிவு செய்யும் வேலை மாநிலத்திடமும், விதி வகுக்கும் ஆற்றல் பெரிதும் தில்லியிடமும் சேர்ந்தது தனியே ஆராயத்தக்கது. கடல் மீன்பிடி கலங்களாகப் பதிவானவை அச்சட்டத்துள் வாரா. சுற்றுலாப் படகுக்குக் கிடைத்த எளிமை சாளை பிடிப்பவனுக்குக் கிடைக்கவில்லை.

தில்லியே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதுதான் வழியா? அன்று. அமெரிக்க ஒன்றியத்தைப் பாருங்கள். பொறிப்படகு பெரும்பொழுது எந்த மாநில நீரில் இயங்குகிறதோ அந்த மாநிலமே அதற்கு எண் வழங்குகிறது. படகின் முகப்பில் இருபுறமும் மூன்று அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் அதனைத் தீட்ட வேண்டும். வேற்று மாநிலத்துக்குச் சென்றால் அறுபது நாளேனும் அந்த எண்ணை அம்மாநிலம் ஏற்க வேண்டும். சில மாநிலங்கள் தொண்ணூறு நாள் ஏற்கின்றன. அதற்கு மேலும் தங்கிவிட்ட படகு, தங்கிய மாநிலத்தின் எண்ணைப் பெறும். நடுவணரசு கீழெல்லையை மட்டும் வகுத்தது. எண் வழங்கும் உரிமை மாநிலங்களிடமே உள்ளது. மீன்பிடி உரிமம் அங்கும் தனிதான். ஆயினும் விருந்தாக வந்த படகுக்கும் குடியேறிய படகுக்கும் அங்கே நாட்கணக்கு உண்டு.

அத்தகைய நாட்கணக்கு ஒன்றைச் சென்னையும் திருவனந்தபுரமும் எல்லையோர வள்ளங்களின் உரிமத்துக்குத் தம்முள் பேசி வகுத்துக்கொள்ளலாம். இரண்டிடமும் சட்டம் இருக்கிறது, இரண்டிடமும் மீன்வளத்துறை இருக்கிறது. மாநில உரிமை பேசுவோர் அதனைச் செய்து காட்டவும் வேண்டும். கேரளத்துக்கும் இதில் இழப்பில்லை. பொழியூரானும் விழிஞத்தானும் கிழக்கே வருகிறவர்களே.

அதுவரை, நீரோடியைக் கடந்து செல்வோர் பதிவுச் சான்று, உரிமம், ஒவ்வொருவரின் மீனவர் அடையாள அட்டை ஆகிய மூன்றையும் நீர் புகாத உறையிலிட்டுப் படகில் வைத்துக்கொள்க. பொறியை மாற்றினாலும் படகை விற்றாலும் பதிவில் உடனே திருத்துக. பழைய உடையவர் பெயரில் ஓடும் படகுக்குக் குறைந்த விலை எரிநெய் கேட்பதும், இழப்பீடு கேட்பதும் பெருந்தொல்லை. படகில் ஏறுவோரின் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதிய தாள் ஒன்றைக் கரையிலுள்ள இல்லத்தாரிடம் கொடுத்துச் செல்க. ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் அத்தாளையும் மாற்றுக.