நொண்டும் நாயும் தோள் நோயும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த கடற்கரைகளில் வள்ளங்கள் கரையேறும் வேளையில், மீனவரை முதலில் எதிர்கொள்வன நாய்களே. வள்ளத்தின் விளிம்பிலிருந்து மணலிற் குதிப்பதும், ஓடும் வேகத்திற் சட்டெனத் திரும்புவதும் அவற்றுக்கு அன்றாட விளையாட்டு. அத்தகைய நாயொன்று முன்காலை நொண்டத் தொடங்கினால், வீட்டார் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பர். அது சரியே, சிப்பியோ தூண்டில் முள்ளோ தைத்திருக்கலாம். பாதத்தில் ஒன்றுமில்லையெனில் அவ்வளவில் விட்டுவிடுவர். நோய் தோளில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் பலருக்கு எழுவதேயில்லை.

மனிதனின் தோளைக் காறை என்பு நெஞ்சுக்கூட்டோடு பிணைக்கிறது. நாய்க்கு அத்தகைய என்புப் பிணைப்பு இல்லை. முன்கால் தசைகளாலேயே உடலோடு கட்டுண்டிருக்கிறது. நிற்கும் நாயின் எடையில் நூற்றுக்கு 60 பங்களவை முன்கால்களே தாங்குகின்றன. குதித்திறங்கும்போது சுமை இன்னும் மிகும். தோட்பட்டையிலிருந்து வரும் இருதலைத் தசையின் நாண், தோள்மூட்டின் முன்புறத்தே புய என்பிலுள்ள தவாளிப்பொன்றின் வழியாகக் கப்பியிற் கயிறுபோல் ஓடுகிறது. ஓயாது இழுபடும் கயிறு எங்கே நைந்துபோகும் என்பதைத் துறைமுகத்தார்க்குச் சொல்லவேண்டியதில்லை. நாணும் அதன் உறையும் அங்கே அழற்சியுறும். இழைகள் சிறிது சிறிதாக அறும்.

இந்நொண்டல் ஓடியபின் மிகும், ஓய்ந்தால் தணியும். இதுவே வீட்டாரை ஏமாற்றுவது. நாயை முன்னின்று நடக்கவிட்டுப் பார்த்தால், நோவுள்ள கால் நிலத்திற் படும்போது தலை மேலெழுவதைக் காணலாம். மிருக வைத்தியர் தோளை மடக்கி, முழங்கையை நீட்டி, நாணின்மேல் விரலால் அழுத்திச் சோதிப்பார். எக்ஸ் கதிர்ப் படத்தில் நாண் தெளிவுறத் தோன்றாது; மீயொலிப் படம் அதனைக் காட்டும். எனினும் எக்ஸ் கதிர்ப் படத்தை வேண்டாமென்று தள்ளலாகாது. பெரிய இன நாய்களில் புய என்பின் மேல்முனை, என்புப் புற்றுநோய் தோன்றும் இடங்களுள் ஒன்று. உண்ணியால் வரும் காய்ச்சலும் மூட்டுகளைத் தாக்கி நாயை நொண்டச் செய்வதுண்டு.

வீட்டிலுள்ள நோவு மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்பது பெருந்தீங்கு. இபுபுரோபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவு மிஞ்சிய பரசிற்றமோல் ஈரலையும் குருதியையும் தாக்கும். நொண்டலாற் சாகாத நாய் மருந்தாற் சாகலாம்.

முதற் சிகிச்சை ஓய்வே. பல கிழமைகள் ஓட்டமும் குதிப்பும் கூடா. கயிற்றிற் பிடித்துச் சிறிது தூரம் நடத்தலே போதும். இரண்டாம் கிழமையில் நாய் நன்றாக நடப்பதைக் கண்டு அவிழ்த்துவிடுவோர் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும். ஓய்வுக்கு இணங்காத நோய்க்கு மூட்டில் ஊசிமருந்து ஏற்றுவதும், சத்திர சிகிச்சையால் நாணை அதன் பற்றிடத்திலிருந்து விடுவிப்பதும் உண்டு. விடுவித்தபின் ஏனைய தசைகள் சுமையை ஏற்க, பெரும்பாலான நாய்கள் நன்றாகவே நடக்கின்றன.

வள்ளம் வரும் ஓசை கேட்டால் கட்டிய நாய் துள்ளி இழுக்கும்; தோளுக்கு அதுவும் கேடு. அவ்வேளையிலேனும் கடல் தெரியாத கொல்லைப்புறத்தில் அதனைக் கட்டிவைத்தல் நன்று.