பி.எல்.சி. கல்வி: மாணவர் முதலில் கற்க வேண்டியது

(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐ.டி.ஐ., டிப்ளமோ, பொறியியல் முடித்த நம் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்புத் தரும் துறைகளுள் தொழிற்சாலைத் தானியக்கமும் ஒன்று. புட்டிகளில் பானம் நிரப்புவது முதல் மோட்டார் வாகனம் தயாரிப்பது வரை, இயந்திரங்களை வரிசைப்படி இயக்குவது பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியாகும். அதற்கு நிரல் எழுதக் கற்போர் எதனை முதலில் அறிய வேண்டும் என்பது பற்றிச் சில கூற விழைகின்றேன்.

அக்கருவி தோன்றிய காரணத்தை அறிந்தால் அதன் இயல்பு விளங்கும். முன்னர் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் ஏராளமான ரிலேக்கள் அடங்கிய பெட்டிகளே இயந்திரங்களைக் கட்டுப்படுத்தின. கார் மாதிரி மாறும்போதெல்லாம் கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. இத்தொல்லைக்குத் தீர்வு வேண்டி ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1968-இல் விடுத்த கோரிக்கையை ஒட்டி, டிக் மார்லி குழுவினர் மோடிகான் 084 என்னும் கருவியை உருவாக்கினர். ரிலே வரைபடம் பழகிய மின்பணியாளர் எளிதில் கையாளும் பொருட்டே, நிரல் ஏணிப்பட வடிவில் அமைந்தது. ஆகவே, மின்சுற்று அறிந்த ஐ.டி.ஐ. மாணவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

கருவியின் செயல்முறை எளியது. உள்ளீடுகளைப் படிக்கும், நிரலை வரிசையாக நிறைவேற்றும், விடையை வெளியீடுகளுக்கு அனுப்பும், மீண்டும் தொடங்கும். ஒரு சுற்று பெரும்பாலும் சில மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும். நிரல் மொழிகளை ஐ.இ.சி. 61131-3 என்னும் பன்னாட்டுத் தரம் 1993-இல் வரையறுத்தது. எனவே, ஒரு நிறுவனத்தின் கருவியில் கற்ற கருத்துகள் மற்றொன்றிலும் பெரிதும் உதவும். எந்தக் கம்பெனி மென்பொருளைக் கற்பது என்பது இரண்டாவது கேள்வியே.

கோளாறு நேர்ந்தால் இயந்திரம் என்ன செய்யும் என்பதே முதற்கேள்வி. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

முதலாவது, நிறுத்தும் பொத்தான். அழுத்தாதபோது மின்சாரம் செல்லும்படியே அதனை இணைப்பர். கம்பி அறுந்தால், பொத்தானை அழுத்தியது போலவே மோட்டார் நின்றுவிடும். மாற்றி இணைத்தாலோ, கம்பி அறுந்தது எவருக்கும் தெரியாது; ஆபத்து வேளையில் அழுத்தினாலும் நிற்காது. சரியாக இணைத்த பொத்தானிலிருந்து, அழுத்தாதபோது 1 என்னும் குறி வருவதால், ஏணிப்படத்தில் அதனைத் திறந்த தொடுப்பாக வரைய வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

இரண்டாவது, அளவுக் குறி. தொட்டியின் நீர்மட்டத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புவது வழக்கம். தொட்டி காலியானால் 4. கம்பி அறுந்தால் 0. இவ்விரண்டையும் பிரித்தறியாத நிரல், நிறைந்த தொட்டியையும் காலியென எண்ணிப் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, மின்தடை. மின்சாரம் நின்றவேளையில் சிக்கிய பொருளை எடுக்கத் தொழிலாளி கையை உள்ளே விடக்கூடும். மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானே ஓடலாகாது. தொடக்கப் பொத்தானை மீண்டும் அழுத்தினாலன்றி ஓடாதவாறு நிரல் அமைய வேண்டும். பழைய நிலையை நினைவில் காக்கும் வசதியை இங்கு ஆராயாமல் பயன்படுத்துவது பேராபத்து.

அவசர நிறுத்தத்தையோ சாதாரண பி.எல்.சி. நிரலிடம் மட்டும் ஒப்படைத்தல் கூடாது. அதற்கெனப் பாதுகாப்பு ரிலேயோ, பாதுகாப்புச் சான்று பெற்ற பி.எல்.சி.யோ வேண்டும்.

பெற்றோர்களே, பயிற்சி நிலையத்தில் கட்டணம் செலுத்துமுன் இரண்டு கேளுங்கள். மாணவர் தம் கையால் பொத்தான், சென்சார், மோட்டார் ஆகியவற்றை இணைத்துப் பழக இயலுமா? ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, நிரல் என்ன செய்கிறதெனச் சோதிக்கக் கற்பிப்பார்களா? இல்லையெனில், சான்றிதழ் கிடைத்தும் திறமை கிட்டாது.

வசதி குறைந்த மாணவர்கள் தயங்க வேண்டாம். கோடெசிஸ், ஓபன்பி.எல்.சி. போன்ற மென்பொருள்களை இலவசமாகப் பெற்று, கருவியின்றியே கணினியில் நிரல் எழுதிப் பழகலாம். நீர்த்தொட்டி நிரப்புதல், போக்குவரத்து விளக்கு எனச் சிறியவற்றில் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வெவை பழுதுபடக்கூடும் என்று முதலில் தாளில் எழுதிக்கொண்டு, அதன்பின் நிரலைத் தொடங்குங்கள். உங்கள் நிரல் ஓடும் இயந்திரத்தருகே நாளும் நின்று உழைக்கப்போகிறவர், உங்களை ஒருபோதும் கண்டிராத தொழிலாளி. அவருடைய கையும் உயிரும் உங்கள் பொறுப்பு என்னும் எண்ணத்துடன் கற்றுத் தேறுங்கள்.